பிராந்திய ராணுவத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அப்பாவையும் வழக்கையும் வீட்டுக்கடனையும் விட்டு எப்படிக் கிளம்புவது?

கேட்பவர்: கரிசல்காட்டான், திருமங்கலம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆலையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிறேன். அதோடு பிராந்திய ராணுவத்தில், டி.ஏ. என்று நாம் சொல்லும் படையில், சிப்பாயாகவும் இருக்கிறேன். இதுவரை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பயிற்சி முகாமுக்கு மட்டும் போய்வந்தேன். இப்போது முழுநேரப் பணிக்கு வந்து சேரும்படி யூனிட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சேர்ந்த பிறகு வடக்கே அனுப்புவார்கள் என்று உடன் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

போகாமல் இருக்க வழி தேடி நான் இதை எழுதவில்லை. சீருடையை விரும்பித்தான் போட்டேன். ஆனால் வீட்டின் நிலைமை இப்போது நான் ஒருவன் விலகினாலும் சரிந்துவிடும் என்ற அளவில் இருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பை தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கவும் அந்தக் கையைக் கொடுக்கக் கூடாது. பெரியார் நிலையத்தில் இறங்கிக் கோரிப்பாளையத்துக்கு வேறு பேருந்து மாறும்போது, நெரிசலில் யாரும் இடித்துவிடாதபடி நான் அவருக்கு இடப்பக்கமாகவே நின்றுகொள்வேன். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றும். தனியாக வர இயலாது. அம்மா இல்லை. மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். மகள் இந்த ஆண்டுதான் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

இதற்கிடையில் பெரியப்பாவின் மகன்கள் புஞ்சை நிலத்துக்குப் பாகப்பிரிவினை கேட்டுத் திருமங்கலம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அப்பா முதல் பிரதிவாதி, நான் இரண்டாம் பிரதிவாதி. சம்மன் கைக்கு வந்துவிட்டது. எங்கள் தரப்பில் இன்னும் ஒன்றும் தாக்கல் செய்யவில்லை. வீடு கட்டுவதற்காக ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனில் இரண்டு தவணை நின்றுபோய், வசூலுக்கு வருகிறவர்கள் இரவு நேரத்திலும் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆலை மேலாளரோ, "இந்தத் தடவை போனால் இந்த இடம் உனக்கு இருக்கும் என்று எதிர்பார்க்காதே" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்.

நான் இல்லாத நேரத்தில் வழக்கு எங்களுக்கு எதிராக முடிந்துவிடுமா? வேலையைப் பறிக்க அவர்களுக்கு உரிமை உண்டா? அப்பாவின் நிலையைக் காட்டிக் கொஞ்ச காலம் தள்ளிக் கேட்டால் அதைத் தவறாக எடுத்துக்கொள்வார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய ஹெட் கிளார்க், பேரையூர்

தம்பி, யூனிட்டின் பெயரையும் சேர வேண்டிய தேதியையும் எழுதாமல் விட்டீர்களே, அது மிகவும் நல்லது. இனி யார் கேட்டாலும் பொதுவெளியில் அவற்றைச் சொல்ல வேண்டாம். வீட்டில் உள்ளவர்களும் ரயில் எண், பெட்டி எண் என்று வாட்ஸ்அப்பில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டாலியன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு வந்ததைப் போன்ற கடிதங்களும், அவற்றுக்குப் பதிலாக வீடுகளிலிருந்து வந்த மனுக்களும் என் மேசை வழியாகத்தான் போயின. அதனால் அலுவலகத்தின் பக்கமிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த அழைப்பு உங்கள் ஒருவருக்கு வந்த சோதனை அன்று. 2025 மே 6ஆம் தேதியிட்ட ஆணையின் மூலம், 1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவ விதிகளில் 33ஆம் விதிப்படி, இந்தப் படையின் அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு ராணுவத் தலைமைத் தளபதிக்கு அளித்தது. அப்போதிருந்த 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களை நாட்டின் பல கட்டளையகங்களுக்கு அனுப்ப வழி செய்த அந்த ஆணைக்கு 2028 பிப்ரவரி 9 வரை காலவரம்பு குறித்திருந்தார்கள். உங்கள் கடிதம் அந்த ஆணையின்கீழ் வந்ததா, வேறு உத்தரவின்படி வந்ததா என்பது கடிதத்தின் முதல் பத்தியிலேயே இருக்கும். எந்தச் சட்டப்பிரிவைக் காட்டி அழைத்திருக்கிறார்கள் என்பதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரும் ஆலை நிர்வாகமும் பின்னால் அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது, பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்திலிருந்து உங்களுக்கு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் பொருந்தும். அனுமதியின்றி வராமல் இருந்தால் 39ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். முப்பது நாள் தாண்டினால் விசாரணை மன்றம் கூடி, வராததைப் பதிவு செய்துவிடும். அதன்பிறகு படையைவிட்டு ஓடியவர் என்ற கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். அதற்கான 38ஆம் பிரிவின் தண்டனை இன்னும் கடுமையானது, போர்ப்பணிக்கு உத்தரவான நேரத்தில் என்றால் மிக மிகக் கடுமையானது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வீட்டில் உண்மையாகவே கஷ்டம் இருந்த பல பிள்ளைகள், சொல்லத் தயங்கி, போன் எடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் குற்றவாளியாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். காரணம் நியாயமாக இருந்தும் கோப்பில் ஒரு வரிகூட இல்லாததால் அதிகாரியால் அவர்களுக்கு எதுவும் செய்ய முடியாமல் போயிற்று.

ஆகவே, கஷ்டத்தை எழுதிக் கொடுங்கள். தள்ளிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது உங்கள் உரிமை அன்று, கமாண்டிங் ஆபீசர் பார்த்து முடிவு செய்யும் விஷயம். மனுவில் அழுகையும் வேண்டாம், வீரமும் வேண்டாம். அப்பாவுக்கு என்ன நோய், வாரத்தில் எந்த நாட்களில் சிகிச்சை, அவருடன் போக வேறு ஆண்மக்கள் இல்லை என்பது, வழக்கின் எண், அடுத்த வாய்தா தேதி, எத்தனை வாரம் தேவைப்படுகிறது, அந்த வாரங்களுக்குள் என்ன ஏற்பாடு செய்வீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவமனைச் சீட்டின் நகலையும் சம்மனின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, யூனிட் அலுவலகத்துக்குப் போன் செய்து வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மனு போட்டிருக்கிறேன், அதனால் காத்திருக்கிறேன் என்பது வராததற்குக் காரணமாகாது.

சேர்ந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனைவி, மகள், அப்பா ஆகியோரின் பெயர்கள் உங்கள் ஆவணங்களில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் பதிவு ஆணையில் வெளியாகாத திருமணமும் குழந்தையும் ராணுவத்தின் கணக்கில் இல்லாதவை. ஆதாரில் ஒரு எழுத்து, திருமணச் சான்றிதழில் வேறொரு எழுத்து என்று இருந்தாலே மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உங்கள் வீட்டு நிலத் தகராறோ மிரட்டலோ இருந்தால், கமாண்டிங் ஆபீசர் நேரடியாக மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் கடிதம் எழுதுவது வழக்கம். நீங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுக்கும் மனுவைவிட அந்தக் கடிதத்துக்கு மரியாதை அதிகம். கேட்டால்தான் எழுதுவார்கள்.

பதில்: வழக்கறிஞர், மதுரை மாவட்ட நீதிமன்றம்

மேலே உள்ள பதிலில் படை சார்ந்த பகுதி தெளிவாக இருக்கிறது. நான் வழக்கு, வேலை, கடன் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் சொல்லும் பொதுவான விளக்கம் இது; தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை இன்று உங்களுக்கு அவசரமானது எதிருரை, அதாவது வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில். சம்மன் உங்களிடம் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். நீங்கள் பணியில் சேருவதற்கு முன்பே, வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் நீங்களும் அப்பாவும் கையெழுத்திட்டு, எதிருரையைப் படித்துப் பார்த்து ஒப்பமிட்டு விட்டால், பாதிக்கு மேற்பட்ட கவலை அங்கேயே தீர்ந்துவிடும். சிவில் வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரர் நேரில் வந்து நிற்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் ஆஜரானால் போதும். ஊரில் பலர் இதைக் குற்றவியல் வழக்கோடு குழப்பிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற மரத்தடியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்ததாக, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் கட்டளை படையில் இருப்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது. வழக்கை நேரில் நடத்த விடுப்புக் கிடைக்காத படைவீரர், தமக்குப் பதிலாக இன்னொருவர் வழக்கை நடத்தவோ எதிர்வாதம் செய்யவோ எழுத்து மூலம் அதிகாரம் அளிக்கலாம். அதைத் தம் கமாண்டிங் ஆபீசரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அவர் மேலொப்பமிட்டதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் மனைவிக்கு இந்த அதிகாரத்தை அளித்தால், அவரே வழக்கறிஞரை நியமிக்கலாம், மனுக்களில் கையெழுத்திடலாம். ஆனால் உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த ஒரு நிகழ்வைப் பற்றி உங்களுக்காக அவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. சாட்சி சொல்லும் கட்டம் வரும்போது நீங்களே வர வேண்டியிருக்கும். காணொலி வழியாகப் பதிவு செய்ய அனுமதி கேட்டும் மனுச் செய்யலாம்.

விடுப்பில் வரும் நாட்களை வீணாக்காமல் இருக்க ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இருக்கிறது. இந்த வழக்குக்காக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு அளிக்கப்பட்டுள்ளது, அல்லது கோரப்பட்டுள்ளது என்ற சான்றிதழை உரிய ராணுவ அதிகாரியிடமிருந்து பெற்று நீதிமன்றத்தில் கொடுத்தால், கூடுமானவரை அந்த நாட்களுக்குள் வழக்கை விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். விடுப்பில் வந்த பிள்ளை நீதிமன்ற வாசலில் நின்று, அடுத்த வாய்தா இரண்டு மாதம் தள்ளி என்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ரயிலேறிப் போவதைப் பார்க்கும்போது, இந்தச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

எல்லாவற்றையும்விட வலுவான பாதுகாப்பு 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம். போர்ச் சூழலிலோ, அரசு அறிவிக்கை செய்த சிறப்புப் பகுதிகளிலோ பணிபுரியும் வீரருக்கு எதிரான வழக்கை நிறுத்திவைக்கவும், அவர் இல்லாதபோது பிறப்பிக்கப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கவும், அவர் அவ்வாறு பணியில் இருந்த காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து கழிக்கவும் அது இடம் தருகிறது. பிராந்திய ராணுவத்தினருக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர் யாரும் இதன் பொருளில் படைவீரரே, பணிக்கு அழைக்கப்பட்ட பிராந்திய ராணுவத்தினரை 1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ராணுவச் சட்டத்துக்கு உட்படுத்துகிறது, ஆகவே பொருந்தும். ஆனால் நீங்கள் பணிபுரியும் இடம் அதற்குரிய பகுதியா என்பதை யூனிட் தரும் சான்றிதழ்தான் காட்டும். அமைதிப் பகுதியில் நிறுத்தப்பட்டால் இந்தச் சட்டத்தை நம்பியிருக்க முடியாது. எனவே எதிருரையை இப்போதே தாக்கல் செய்யுங்கள் என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன்.

வேலை பற்றி. பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவரை அந்தப் பணி முடிந்ததும் மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை. இடையில் இந்தப் பணி குறுக்கிடாமல் இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, அதைவிடக் குறையாத நிலையில் அமர்த்த வேண்டும். தனியார் நிறுவனமும் இதில் அடக்கம். மறுத்தால், அதற்கென வகுக்கப்பட்ட அதிகார அமைப்பிடம் முறையிடலாம். அது மீண்டும் அமர்த்த ஆணையிடலாம், அல்லது ஆறு மாத ஊதியத்துக்கு மேற்படாத தொகையை இழப்பீடாக வழங்கச் சொல்லலாம். உங்களுக்கு இப்போது முக்கியமானது அதே பிரிவில் இன்னொரு இடத்தில் இருக்கிறது: அழைப்பாணை வந்தபிறகு, நீங்கள் கிளம்பும் முன்பே உங்களை வேலையிலிருந்து நீக்கினால், கடமையைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடுதான் நீக்கினார்கள் என்றே சட்டம் கொள்ளும்; அப்படி இல்லை என்று மெய்ப்பிப்பது அவர்களின் பொறுப்பு. ஆகவே அழைப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, "ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுள்ளேன், பணி முடிந்ததும் திரும்பி வந்து சேருவேன்" என்று ஆலைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். ராஜினாமா கடிதத்தில் மட்டும், எவ்வளவு நயமாகக் கேட்டாலும், கையெழுத்திட்டு விடாதீர்கள். சேமநல நிதி உரிமைகளை 7பி பிரிவு காக்கிறது.

கடன் பற்றி. ராணுவச் சட்டத்தின் 28ஆம் பிரிவு உங்கள் படைச் சம்பளத்தை நீதிமன்றம் ஜப்தி செய்யாமல் காக்கும். 29ஆம் பிரிவு கடனுக்காகக் கைது செய்வதிலிருந்து காக்கும். அடமானத்தில் உள்ள வீட்டை இவை காக்கா. வீட்டுக்கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் அடமானச் சொத்தைக் கையகப்படுத்திக் கடனை வசூலிக்க இடம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் வழியாக, நீதிமன்றத்துக்கு வெளியே நடவடிக்கை எடுப்பதால், படைவீரர் வழக்காடல் சட்டம் அதைத் தடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் வாராக்கடனாக வகைப்படுத்துவார்கள். பிறகு 60 நாள் கெடு கொடுத்து அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்கு உங்கள் ஆட்சேபத்தை எழுதினால் 15 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது மதுரையிலேயே இருக்கிறது. உங்களுக்கு இரண்டு தவணைதான் நிற்கிறது என்பதால் இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை. எப்பாடு பட்டாவது ஒரு தவணையைக் கட்டிவிட்டு, படைச் சம்பளம் வரத் தொடங்கும் மாதத்திலிருந்து மீதியைச் சீர்செய்வதாக எழுத்தில் கேளுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கடன்தாரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. இரவில் வருகிறவர்களைப் பற்றி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.

பதில்: மதுரை மண், செல்லூர்

எல்லாரும் சட்டத்தைச் சொல்கிறீர்கள். பெற்ற தகப்பன் வாரத்துக்கு இருமுறை ரத்தம் சுத்திகரித்து உயிர் வாழும்போது, மகன் பக்கத்தில் இருப்பதுதான் முதல் கடமை என்பது என் எண்ணம். நாட்டுக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த மனிதருக்கு இவர் ஒருவர்தான். குடும்பக் காரணத்தைக் காட்டிப் படையிலிருந்தே விலகிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் அல்லவா?

பதில்: பழைய ஹெட் கிளார்க், பேரையூர்

விண்ணப்பிக்கலாம். குடும்பச் சூழ்நிலையால் சொந்த விருப்பத்தின் பேரில் விடுவிப்புக் கேட்க வழி உண்டு. கேட்பவரை நான் குறைவாக நினைக்கவும் மாட்டேன். ஆனால் அழைப்பு வந்தபிறகு போடும் விண்ணப்பம் மேலிடத்துக்குப் போய் முடிவாகி வரக் காலம் பிடிக்கும். விடுவிப்பு ஆணை கைக்கு வரும்வரை பணியில் இருந்தே ஆக வேண்டும். தம்பி அந்த முடிவுக்கு வருவதானாலும், போய்ச் சேர்ந்து, கமாண்டிங் ஆபீசரை நேரில் பார்த்துச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பான வழி. அத்தோடு வருமானத்தையும் யோசிக்க வேண்டும். பணியில் இருக்கும் காலத்தில் வழக்கமான ராணுவ வீரருக்குரிய சம்பளமும் படிகளும் கிடைக்கும். வீட்டுக்கடன் நிற்கும் இந்த நேரத்தில் அது சிறிய விஷயம் அன்று.

பதில்: உசிலம்பட்டித் தங்கை

அண்ணா, என் கணவரும் டி.ஏ.வில் இருந்து ஜம்மு பக்கம் பணிக்குப் போனவர். பின்னால் இருந்து வீட்டை நடத்தியவள் என்ற முறையில், ஆண்கள் நினைத்துப் பார்க்காத சிலவற்றைச் சொல்கிறேன்.

போனில் தொடங்குகிறேன். வெளிமாநிலத்தில் வாங்கிய பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண்தான் எடுக்கும். அவர் போன முதல் மாதம் வங்கிக்கணக்கு, எரிவாயு, ஆதார் எல்லாம் அவர் எண்ணோடு இணைந்திருக்க, ஓ.டி.பி. அங்கே போகும், அங்கே சிக்னல் இருக்காது, இங்கே நான் வங்கிக் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே உங்கள் எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள்; கடன் தவணை எடுக்கப்படும் கணக்கை அண்ணி பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்கி, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, அண்ணியின் எண்ணையும் அதில் பதிந்துவிடுங்கள்.

சம்பளம் முதல் மாதமே கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஆவணம் சரியாகி வரும்வரை இழுக்கும். எங்களுக்கு அந்த இடைவெளியில்தான் நகை அடகுக்குப் போயிற்று.

அப்பாவின் சிகிச்சை பற்றி. ஆலையில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் கணக்கிடுவார்கள். ஆலைச் சம்பளம் நின்ற மறுநாளே அட்டை செல்லாது என்று யாரும் சொன்னால் நம்பிவிடாமல், கிளை அலுவலகத்தில் கேளுங்கள். படையில் இருக்கும் காலத்தில் ராணுவ மருத்துவமனையும் குடும்பத்துக்கு உண்டுதான். ஆனால் மதுரையில் அது இல்லை. இங்கே இருக்கும் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவத் திட்டத்தைச் சேர்ந்தது. டயாலிசிஸ் நோயாளியை அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் நடப்பதை அப்படியே தொடர விடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால், படைச் சம்பளம் வந்தபின் அந்த அட்டையின் நிலை என்ன என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

கூடப் போவதற்கு ஆள். அண்ணியால் ஒவ்வொரு முறையும் போக முடியாது. பள்ளி விடும் நேரமும் சிகிச்சை முடியும் நேரமும் ஒன்றாக வரும். எங்கள் ஊரில் டயாலிசிஸுக்குப் போகும் இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் தேதி வாங்கி, ஒரே ஷேர் ஆட்டோவில் போய்வருகிறார்கள். துணைக்குப் போகிறவர் ஒரு வாரம் இந்த வீட்டிலிருந்து, மறுவாரம் அந்த வீட்டிலிருந்து. வார்டில் உங்கள் அப்பா படுக்கும் நாளில் திருமங்கலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யார் என்று நீங்களே கேட்டு, அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவையுங்கள். அந்த இடப்பக்கம் நிற்கும் விவரத்தையும், எந்தக் கையில் ஊசி போடக் கூடாது என்பதையும் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்காக நடக்கும் சிறப்புக் குறைதீர்க்கும் நாளில், பணியில் இருப்பவர்களின் குடும்பத்தினரும் மனுக் கொடுக்கலாம். மனு இரண்டு பிரதி வேண்டும். முதல்முறை போகும்போது "முன்னாள்" என்ற பெயரைப் பார்த்துவிட்டு நமக்கு இல்லை என்று திரும்பிவிட வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

கேட்பவர்: கரிசல்காட்டான்

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி என்பதைவிட வேறு சொல் தெரியவில்லை. நேற்று கமாண்டிங் ஆபீசருக்கு மனுவை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். எதிருரை அடுத்த வாய்தாவுக்குத் தயாராகிறது. சகோதரி சொன்னபடி வார்டில் விசாரித்ததில், கள்ளிக்குடியிலிருந்து வரும் ஒரு குடும்பம் கிடைத்திருக்கிறது. அவர்களும் துணைக்கு ஆள் இல்லாமல் தவிப்பவர்கள்தான்.

செல்லூர் நண்பருக்கு: நீங்கள் சொன்னது என் மனத்திலும் உள்ளதே. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, "என்னைக் காரணம் காட்டி நீ வராதவன் என்று பெயர் வாங்கக் கூடாது" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியவில்லை.

இப்போது ஒரு சந்தேகம் மட்டும். உறவினர் ஒருவர், வழக்கு, நிலம், வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தன் பெயரில் ஒரே பவர் பத்திரம் பதிந்து கொடுத்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். செய்யலாமா? அப்பாவும் பிரதிவாதி என்பதால் அவருக்கு என்ன ஏற்பாடு?

பதில்: வழக்கறிஞர், மதுரை மாவட்ட நீதிமன்றம்

செய்யாதீர்கள். அந்த உறவினர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் பொதுப் பவர் பத்திரத்தை, பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருக்கும்போது, ஊரில் இல்லாத நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. வழக்கு நடக்கும்போது செய்யும் கிரயம் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்றாலும், அதை அவிழ்ப்பதற்கு இன்னொரு வழக்குத் தேவைப்படும்.

உங்கள் மனைவியின் பெயருக்கு, தேவையானவற்றுக்கு மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். நீதிமன்றத்துக்கு, யூனிட்டில் சேர்ந்தபின் 28ஆம் கட்டளைப்படி எழுதும் அதிகாரக் கடிதம் போதும். அதன் வாசகத்தை உங்கள் வழக்கறிஞரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், யூனிட்டில் தமிழ் தெரிந்த அதிகாரி இருப்பார் என்று சொல்ல முடியாது என்பதால் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நிதி நிறுவனத்துக்கு, கணக்கு விவரம் பெறவும் தவணை பற்றிப் பேசவும் கடிதம் எழுதவும் மட்டும் அதிகாரம் தரும் தனிப் பவர் பத்திரம் எழுதி, திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். விற்பனை, அடமானம், கடன் பெறுதல் ஆகியவற்றுக்கு இதில் அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதச் சொல்லுங்கள்.

அப்பா தம் வக்காலத்தில் தனியாகக் கையெழுத்திட்டால் போதும். உங்கள் வழக்கறிஞரே இருவருக்கும் ஆஜராகலாம். அவருடைய சாட்சியம் தேவைப்படும் கட்டத்தில், உடல்நிலையைக் காட்டி, ஓர் ஆணையரை வீட்டுக்கே அனுப்பிப் பதிவு செய்யும்படி கேட்கலாம். டயாலிசிஸ் நாட்களின் பட்டியலை மருத்துவரிடம் கையெழுத்தோடு வாங்கி வழக்கறிஞரிடம் கொடுத்துவைத்தால், அந்த நாட்களில் அவரை வரச் சொல்லாமல் பார்த்துக்கொள்வார்.

கட்டணம் சிரமம் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். படையினர் குடும்பங்களுக்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்க ஏற்பாடு செய்திருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கிளம்பும் முன் உங்கள் மனைவியை ஒருமுறை அந்த அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, எந்த மேசையில் யாரிடம் பேச வேண்டும் என்று காட்டிவிடுங்கள். அழைப்புக் கடிதத்தின் நகல் ஒன்றும், சம்மனின் நகல் ஒன்றும் எப்போதும் அவரிடம் இருக்கட்டும்.